வெளிநாட்டுச் சந்தையில் காய், மீன், இறைச்சி வாங்குவது: தராசிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை

புது நாட்டில் சந்தைக்குக் கிளம்பும்போது எல்லாரும் மனப்பாடம் செய்துகொண்டு போவது 'எவ்வளவு?' என்ற சொல்லைத்தான். அதைக் கேட்டுவிடலாம், பதில்தான் புரியாது. முதலில் படிக்க வேண்டியது 'போதும்'. பைக்குள் அள்ளிப் போடுகிற கை, நீங்கள் வாய் திறக்கும்வரை நிற்காது. அடுத்தது ஒன்றிலிருந்து நூறு வரை எண்கள். சொல்லத் தெரியாவிட்டாலும் காதில் விழுந்தால் புரிய வேண்டும். பிறகு அரை, கால், இன்னும் கொஞ்சம், குறைத்துக்கொள்ளுங்கள், இன்றைக்குச் சாப்பிட, பை வேண்டாம், துண்டு போடுங்கள், கழுவிச் சுத்தம் செய்து கொடுங்கள். எண்களை விட்டால் பதினைந்து சொல்கூடத் தேறாது. சந்தை வேலை பெரும்பாலும் இதற்குள் முடிந்துவிடும்.

சந்தையில் காசு போவது பேரம் பேசத் தெரியாததால் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதிகம் போவது இரண்டு இடங்களில்: விலை எந்த அளவுக்கு என்று தெரியாமல் வாங்குவது, வாங்கியதை வீடு சேர்ப்பதற்குள் கெடவிடுவது. இந்த இரண்டையும் சரிசெய்துகொண்டால் பேரமே பேசாவிட்டாலும் நஷ்டமில்லை.

விலைப் பலகையைப் படிப்பது

பலகையில் எண் பெரிதாக இருக்கும். எந்த அளவுக்கு என்பது மூலையில் பொடியாக இருக்கும், சில இடங்களில் இருக்கவே இருக்காது. ஊருக்கு ஊர் அளவு மாறுகிறது. அமெரிக்காவில் பவுண்டு, அதாவது 454 கிராம். பவுண்டு விலையை 2.2 ஆல் பெருக்கினால் கிலோ விலை. ஜெர்மனியில் பேச்சு வழக்கில் 'ஃபுண்ட்' என்றால் சரியாக 500 கிராம். இத்தாலியில் 'எத்தோ' 100 கிராம்; பாலாடைக்கட்டிக்கும் பதப்படுத்திய இறைச்சிக்கும் பல கடைகளில் அந்த அளவுக்குத்தான் விலை எழுதியிருக்கும். ஜப்பானில் இறைச்சிக்கும் 100 கிராம் விலைதான். அது தெரியாமல் 'பரவாயில்லையே, மலிவு' என்று ஒரு கிலோ கேட்டால் பில் பத்து மடங்கு வரும்.

சீனப் பெயர் கொண்ட அளவுகளில்தான் குழப்பம் அதிகம். சீனாவில் ஒரு 'ஜின்' 500 கிராம். அதே எழுத்து தைவானில் 600 கிராம், ஹாங்காங்கில் ஏறக்குறைய 605 கிராம். கொரியாவில் 'குன்' என்ற அளவு இறைச்சிக்கு 600 கிராம், காய்க்கு வழக்கமாக 400 கிராம். ஒரே சந்தை, ஒரே சொல், இரண்டு எடை. மியான்மரில் கணக்கே வேறு: 'பெய்த்தா' ஏறத்தாழ 1.6 கிலோ.

எண்களையே தப்பாகப் படிக்க வாய்ப்புண்டு. எகிப்து, வளைகுடா நாடுகளில் அரபு எண்கள் எழுதியிருந்தால், வட்டம் போல இருப்பது 5. பூஜ்ஜியம் வெறும் புள்ளி. நம் கண்ணுக்கு 7 போலத் தெரிவது 6. ஐரோப்பாவில் கையால் எழுதும் 1க்கு முன்னால் நீளமான சாய்கோடு இருக்கும், பார்த்தால் 7 போலவே இருக்கும். அவர்களுடைய 7க்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு உண்டு. தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவார்கள்: 2,50 என்றால் இரண்டரை. வியட்நாமில் ஆயிரத்தை விழுங்கிவிட்டுச் சொல்வது வழக்கம். '50' என்றால் 50,000 டாங்.

விரலிலும் ஏமாறலாம். ஜெர்மனியில் எண்ணிக்கை கட்டைவிரலில் தொடங்குகிறது. அதனால் ஆள்காட்டி விரலைத் தூக்கி 'ஒன்று' கேட்டால், மடங்கியிருக்கும் கட்டைவிரலையும் சேர்த்து இரண்டாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. சீனாவில் ஒரே கையில் பத்து வரை காட்டிவிடுவார்கள்: கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் 6, கட்டைவிரலும் ஆள்காட்டியும் துப்பாக்கி போல நீட்டினால் 8. சந்தேகம் வந்தால் போனில் கால்குலேட்டரைத் திறந்து நீட்டுங்கள், அவர்களே தட்டிக் காட்டுவார்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

முதல் சுற்றில் பையைத் திறக்காதீர்கள்

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற முதல் கடையில் வாங்குவது பழகிய தப்பு. வாசல் கடைகள் நடமாட்டத்தை நம்பி நடப்பவை. விலை கூடுதலாக இருக்கலாம். ஒரு சுற்று முழுக்க நடந்து, தக்காளி, வெங்காயம், முட்டை என்று எல்லாக் கடையிலும் இருக்கும் மூன்று பொருளின் விலையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் எங்கே நியாயமாக இருக்கிறதோ அங்கே மற்றதும் பெரும்பாலும் நியாயமாக இருக்கும்.

சுற்றும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆட்கள் பொருளைத் தாங்களே பொறுக்குகிறார்களா, கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறாரா? பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனியில் பல கடைகளில் காயைத் தொட்டால் அதட்டல் விழும். அங்கே நீங்கள் காட்ட வேண்டும், அவர் எடுப்பார். இது நமக்கு வசதிக்குறைவு போலத் தோன்றினாலும் ஒரு லாபம் இருக்கிறது: பழத்தை என்றைக்குச் சாப்பிடப் போகிறீர்கள் என்று சொன்னால் அந்த நாளுக்குச் சரியான பதத்தில் எடுத்துத் தருவார்கள். முலாம்பழம் 'இன்று மதியத்துக்கு' என்றால் ஒன்று, 'ஞாயிற்றுக்கிழமைக்கு' என்றால் வேறொன்று. பிரான்ஸில் 'போன்ஜூர்' (வணக்கம்) சொல்லாமல் நேராக விலை கேட்டால் பாதிக் கதவு அப்போதே சாத்தப்பட்டுவிடும்.

வரிசை என்று கண்ணுக்குத் தெரியாத இடங்களிலும் வரிசை உண்டு. ஸ்பெயினில் வந்ததும் 'கடைசியாக நிற்பவர் யார்?' என்று கேட்பார்கள். கை தூக்கினவருக்கு அடுத்தவர் நீங்கள். சில கடைகளில் டோக்கன் கிழிக்கும் சிறிய இயந்திரம் இருக்கும். அதைக் கவனிக்காமல் அரைமணி நேரம் நிற்பவர்கள் ஏராளம்.

தராசு

பொருளை வைப்பதற்கு முன் தராசு பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பாருங்கள். கூடை, தட்டு, மீனுக்கு வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி எதுவானாலும் அதன் எடை கழிக்கப்பட வேண்டும். வெற்றுப் பெட்டியை வைத்து ஒரு பட்டனைத் தட்டினால் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். ஈரம் சொட்டும் கீரைக்கட்டையும் நீரில் மிதக்கும் இறாலையும் உதறிவிட்டு நிறுக்கச் சொல்லலாம்.

தராசின் மேலேயே சந்தேகமா? கையில் திறக்காத ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருந்தால் அதுதான் எடைக்கல். தண்ணீர் 1,000 கிராம், காலி பாட்டில் 20 முதல் 40 கிராம். தராசு 1,020க்கும் 1,040க்கும் நடுவே காட்ட வேண்டும். 1,100 காட்டினால் ஒவ்வொரு கிலோவிலும் ஐம்பது கிராமுக்குக் குறையாமல் போகிறது என்று அர்த்தம். சண்டை போட வேண்டாம், 'இதைக் கொஞ்சம் வையுங்கள்' என்று பாட்டிலை நீட்டினாலே விஷயம் புரிந்துவிடும். சீனா, தைவான் சந்தைகள் பலவற்றில் வாங்கியவர்கள் சரிபார்ப்பதற்கென்றே பொதுத் தராசு வைத்திருப்பார்கள், தயங்காமல் பயன்படுத்துங்கள்.

மீன் வெட்டிக் கொடுத்தாலும் பணம் முழு எடைக்குத்தான். தலை, குடல், முள், தோல் எல்லாம் போனால் முழு மீனில் சதையாகத் தேறுவது பல மீன்களில் பாதிக்கும் குறைவு. ஆகவே துண்டு மீன் கிலோ விலை முழு மீனைப்போல இரு மடங்கு என்றால் அது அதிகம் அல்ல. தலையையும் முள்ளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; காசு கொடுத்தது அதற்கும் சேர்த்துத்தான், குழம்புக்கு ஆகும்.

மீன்: செவுளைத் தூக்கிப் பாருங்கள்

கண் பளபளப்பாக இருந்தால் நல்ல மீன் என்பது பாதி உண்மை. ஐஸில் அழுந்தினாலே கண் கலங்கிப்போகும். ஆழ்கடலிலிருந்து மேலே வரும் மீனுக்கு அழுத்தம் மாறிக் கண் பிதுங்கும். செவுள்தான் நம்பகமான இடம். மூடியைத் தூக்கிப் பார்த்தால் இரத்தச் சிவப்பு அல்லது இளஞ்சிவப்பாக, ஈரமாக, இழை இழையாகப் பிரிந்து இருக்க வேண்டும். பழுப்பேறி, கொழகொழவென்று ஒட்டிக்கொண்டிருந்தால் பழசு. செவுளையே வெட்டி எறிந்துவிட்டு விற்றால் வயிற்றைப் பாருங்கள்: விரலால் அழுத்தினால் குழி உடனே நிரம்ப வேண்டும். மேலே படிந்த வழவழப்பு நிறமில்லாமல் இருக்கலாம். பால் போலவோ மஞ்சளாகவோ இருக்கக் கூடாது. கடல் வாடை இருக்கலாம், அமோனியா நெடி கூடாது.

துண்டாக விற்கும் மீனில் செவுளும் இல்லை, கண்ணும் இல்லை. ஓரம் காய்ந்து சுருண்டிருக்கிறதா, சதை இழைகள் பிளந்து நிற்கின்றனவா, தட்டின் அடியில் வெள்ளை நீர் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி மூன்றிலும் தனி எச்சரிக்கை. பிடித்தபின் குளிரில் வைக்காவிட்டால் இவற்றின் சதையில் பாக்டீரியா ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். அது சமைத்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது; பார்வைக்கும் பெரும்பாலும் தெரியாது. வாயில் வைத்ததும் மிளகு போலச் சுரீரென்றால் துப்பிவிடுங்கள். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தடித்து, தலைவலி வரும். மீன் ஒவ்வாமை என்று பலர் நினைத்துக்கொள்வது இதைத்தான். ஆகவே இந்த மூன்று மீனை ஐஸ் இல்லாத தட்டில் பார்த்தால், எவ்வளவு மலிவானாலும் தாண்டிப் போய்விடுங்கள்.

சிப்பி வகைகள் உயிரோடு இருக்க வேண்டும். வாய் திறந்திருந்தால் ஒரு தட்டு தட்டுங்கள், மூடிக்கொண்டால் சரி. வீட்டில் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டால் செத்துவிடும். ஈரத் துணி போர்த்தி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மீன் பலகையில் இனத்தின் அறிவியல் பெயர், கடலில் பிடித்ததா வளர்த்ததா, எந்தக் கடல் பகுதி, உறையவைத்து உருக்கியதா என்பதெல்லாம் எழுத வேண்டும் என்பது சட்டம். பகுதி எண் 27 என்றால் வடகிழக்கு அட்லாண்டிக், 37 என்றால் மத்தியதரைக்கடலும் கருங்கடலும். உருக்கிய மீன் தரம் குறைந்தது என்றில்லை. அதை மறுபடி உறையவைக்க வேண்டாம் என்பதற்காகவே அந்தத் தகவல் முக்கியம். பேர் தெரியாத மீனுக்கு அறிவியல் பெயரைப் போனில் தேடினால், தமிழ்ப் பெயர் இருந்தால் கிடைத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை படகு போகாத கடலோர ஊர்களில் திங்கள் காலை மீன் கடை காலியாக இருக்கும், அல்லது சனிக்கிழமை மீன் இருக்கும். செவ்வாய் போங்கள்.

இறைச்சியும் முட்டையும்

இறைச்சித் துண்டுகளின் பெயரை மனப்பாடம் செய்வது வீண்வேலை. நாட்டுக்கு நாடு வெட்டும் முறையே வேறு. என்ன சமைக்கப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள்: 'நீண்ட நேரம் வேகவைக்க', 'சட்டென்று வறுக்க'. கடைக்காரர் துண்டைத் தேர்ந்து கொடுப்பார். எந்த விலங்கின் இறைச்சி என்பது உங்களுக்கு முக்கியமானால் கொத்துக்கறியில் கவனம் தேவை. ஜெர்மனியில் மாடும் பன்றியும் கலந்த கொத்துக்கறி சாதாரணமாக விற்கும், அந்தக் கலவைக்கென்றே பெயரும் உண்டு. முழுத் துண்டைக் காட்டி, கண்ணெதிரே அரைத்துத் தரச் சொல்வதே பாதுகாப்பு.

ஆசியச் சந்தைகள் பலவற்றில் விடியலில் அறுத்த இறைச்சியை ஐஸ் இல்லாமலேயே தொங்கவிட்டு விற்பார்கள். அது காலை ஏழு எட்டு மணிக்கு வாங்க வேண்டிய பொருள். பதினொரு மணிக்கு அதே கடையில் அதே துண்டு கிடைத்தாலும் அது வேறு பொருள். காற்றில்லாமல் அடைத்த பாக்கெட்டில் இறைச்சி கருஞ்சிவப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம். திறந்து அரைமணி விட்டால் சிவந்துவிடும். விரலில் பிசுபிசுவென்று ஒட்டினாலோ புளித்த நெடி வந்தாலோதான் கெட்டது.

ஐரோப்பிய முட்டை ஓட்டில் ஒரு எண் வரிசை அச்சிட்டிருக்கும். முதல் இலக்கம் 0 என்றால் இயற்கை வேளாண்மை, 1 என்றால் வெளியே திரியும் கோழி, 2 கொட்டகைக்குள் திரிவது, 3 கூண்டு. அங்கே முட்டையைக் கழுவாமல் விற்பதால் ஓட்டின் மேல் இயற்கையான பூச்சு அப்படியே இருக்கிறது. வீட்டில் கழுவி அடுக்கினால் அதை நீங்களே கெடுத்தவர்களாவீர்கள். அமெரிக்காவில் நேர்மாறு: கழுவி விற்பதால் கடையிலும் வீட்டிலும் ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும்.

பார்த்தால் ஒன்று, சமைத்தால் வேறு

கொத்தமல்லி என்று நினைத்து வாங்கிவந்தது பார்ஸ்லியாக இருப்பது எல்லாருக்கும் ஒருமுறை நடக்கும். தட்டை இலைப் பார்ஸ்லியின் இலை நுனி கூராக, நிறம் அடர்த்தியாக இருக்கும். கொத்தமல்லி நுனி வட்டமாக, மெல்லியதாக இருக்கும். ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தால் சந்தேகமே இல்லை. வெள்ளரிக்காயும் சுக்கினியும் அருகருகே கிடந்தால் காம்பைப் பாருங்கள்: சுக்கினிக் காம்பு கட்டையாக, விளிம்பு விளிம்பாக இருக்கும். அவகேடோவில் ஹாஸ் ரகம் பழுத்தால் கறுக்கும், ஃபுவேர்ட்டே பழுத்தாலும் பச்சைதான். அதனால் நிறத்தைப் பார்க்காமல் காம்புப் பக்கம் மெல்ல அழுத்திப் பாருங்கள். நடுவில் அழுத்தினால் அடுத்தவர் வாங்கும் பழம் கன்றிப்போகும். மிளகாய் சிறியதாக இருந்தால்தான் காரம் என்றில்லை. குடைமிளகாயின் குட்டி போலச் சப்பையாக இருக்கும் ஹபனேரோ முழுக் குடும்பத்தையும் அழவைத்துவிடும்.

அறியாத காயை வாங்கும்போது நான்கு கேள்வி: பெயர் என்ன, பச்சையாகச் சாப்பிடலாமா, தோல் சீவ வேண்டுமா, எத்தனை நாள் தாங்கும்? இரண்டாவது கேள்வியைத் தவறவிடாதீர்கள். மரவள்ளியில் கசப்பு ரகம் பச்சையாகச் சயனைடு தரும். மூங்கில் குருத்தும் வேகவைத்து நீரைக் கொட்டிய பிறகே ஆகும். காளானில் 'நம்ம ஊரில் பார்த்தது போலவே இருக்கிறதே' என்ற நம்பிக்கை உயிருக்கே ஆபத்து. வைக்கோல் காளானின் இளம் பருவத்தை அப்படியே ஒத்திருக்கும் அமானிட்டா ஃபல்லாய்டெஸ் என்ற நச்சுக் காளானைச் சாப்பிட்டு, அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறிய ஆசியர்கள் இறந்திருக்கிறார்கள். காட்டில் பறித்த காளானைக் கூடையில் வைத்து, கடை என்று ஒன்றில்லாமல் விற்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

ஐரோப்பாவில் காய்ப் பெட்டியில் இரண்டாம் வகுப்பு என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் வடிவம் கோணல், தோலில் தழும்பு, அவ்வளவுதான். சமையலுக்கு அதையே எடுங்கள்.

பணமும் பேரமும்

சில்லறையும் சிறிய நோட்டுகளும் தனிப் பையில். காலையில் முதல் கடையில் பெரிய நோட்டை நீட்டினால் மாற்றுத் தேடி அவர் அக்கம்பக்கம் ஓட வேண்டியிருக்கும். சீனாவில் க்யூஆர், கென்யாவில் எம்-பெசா, பிரேசிலில் பிக்ஸ் என்று போனிலேயே எல்லாம் முடியும் நாடுகளில், அனுப்புமுன் திரையில் வரும் பெயரைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். மேலே வேறொருவர் க்யூஆர் ஒட்டிவைத்திருக்கும் மோசடி உண்டு. பையும் கொண்டுபோங்கள்: ருவாண்டாவில் 2008 முதலும் கென்யாவில் 2017 முதலும் பிளாஸ்டிக் பைக்குத் தடை.

விலைச் சீட்டு குத்தியிருக்கும் இடத்தில் குறைக்கச் சொல்வது முறையல்ல. எண்ணிக்கையைக் கூட்டிக் கேட்கலாம்: 'இரண்டு கட்டு எடுத்தால்?' கூறு கட்டி வைத்திருந்தால் அடியில் இருப்பதைப் பார்த்துவிட்டு எடுங்கள். விலையைக் குறைக்க மறுப்பவர்கள்கூடக் கொசுறு தரத் தயங்குவதில்லை. கொரியாவில் அதற்கு 'தொம்' என்றே பெயர். ஸ்பெயினில் மீனோடு ஒரு கைப்பிடி பார்ஸ்லி வந்து விழும். ஆனால் அது வாரா வாரம் ஒரே கடையில் நிற்பவருக்குத்தான் வரும். மூடும் நேரத்துக்கு முந்தின அரைமணியில் கீரையும் பழமும் மலியும். மீனுக்கும் இறைச்சிக்கும் அந்தக் கணக்கு செல்லாது.

வீடு வரை, வீட்டில்

வாங்கும் வரிசை: முதலில் கிழங்கு, வெங்காயம், பிறகு காய், பழம், கீரை, கடைசியாக மீனும் இறைச்சியும். கையில் எடுத்த நிமிடத்திலிருந்து கணக்கு ஓடும். இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். அரை லிட்டர் பாட்டிலில் முக்கால் பங்கு தண்ணீர் விட்டு முந்தின இரவே உறையவைத்துப் பையில் மீனுக்கு அருகே வைத்தால் பேருந்துப் பயணத்தைத் தாங்கும். முழுக்க நிரப்பினால் பாட்டில் வெடிக்கும். மீனுக்கும் இறைச்சிக்கும் தனிப் பை, இரட்டைப் பை. கசிந்த நீர் பழத்தின் மேல் பட்டால் பழம் போயிற்று.

ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும். பச்சை இறைச்சி கீழ்த் தட்டில். கோழியைக் குழாயடியில் கழுவாதீர்கள். தெறிக்கும் நீரில் கிருமி பாத்திரம் வரை போகும். காய் பழத்தை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவினால் போதும், சோப்பு கூடாது. குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாத ஊரில் பச்சைக் கீரையும் வெட்டிவைத்த பழமும் வேண்டாம். தோல் உரிக்கும் பழமும் சூடாக வேகும் காயுமே சரி.

கீரையைக் கழுவாமல், ஈரமில்லாத துணியில் சுற்றி வையுங்கள். கழுவினால் மறுநாளே அழுகும். கொத்தமல்லித் தண்டை ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் நாலைந்து நாள் நிற்கும். ஆப்பிளும் பழுத்த வாழையும் எத்திலீன் வாயுவை விடும். பக்கத்தில் கீரை இருந்தால் மஞ்சளாகும், காயாக இருக்கும் அவகேடோ இருந்தால் சீக்கிரம் பழுக்கும். உருளைக்கிழங்கை வெங்காயத்தோடு வைக்காதீர்கள், சீக்கிரம் கெடலாம். தக்காளி பழுக்கும்வரை வெளியே; வாழையும் துளசி வகைக் கீரையும் ஃப்ரிட்ஜில் கறுத்துப்போகும்.

முதல் மாதம் மூன்று நாளுக்கு மேல் வாங்க வேண்டாம். புது ஊரின் ஈரப்பதத்தில் எந்தக் காய் எத்தனை நாள் தாங்குகிறது என்பது கடைக்காரர் சொல்லித் தெரியாது, உங்கள் கூடையில்தான் தெரியும். வாடிப்போனதைத் தூக்கிப் போடுமுன் என்றைக்கு வாங்கியது, எந்தக் கடை என்று போனில் குறித்துவையுங்கள். நாலு வாரத்தில் எந்தக் கடையைத் தாண்டிப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.